பதினேழுக்குப் பதினேழு

ஜூன் 2, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. இன்று இணையம் அறுந்து, கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டி வந்ததால் எடுத்தேன்.

காலை 11 மணிக்கு நித்திலா வீடியோவில் அழைத்தாள். என் மகள், வயது இருபத்தேழு, பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. கூட வேலை பார்க்கும் பிரணவ் என்கிற பையனோடு திருமணம் முடிவாகியிருக்கிறது. பையனின் பெற்றோர் மஸ்கட்டில் இருக்கிறார்கள். தகப்பனாருக்குக் குதிகால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் பயணம் செய்ய முடியாது. ஆகவே நிச்சயதார்த்தம் இந்த மாதம் 30ஆம் தேதி வீடியோ வழியாக நடக்கும். பெண் வீட்டு லக்கினப் பத்திரிகையைப் பெண்ணின் தகப்பன் தன் வாயால் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்றாள். நித்திலாவின் தாயாரும் அங்கே இருப்பார். ஆறு வருடமாக அவரும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. பாளையங்கோட்டையிலிருந்தே வாசிக்கிறேன் என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

பிறகு, எல்லா ஏற்பாட்டையும் அம்மாவே தனியாகப் பார்க்கிறார் என்று ஆரம்பித்தாள். யார் யாரைத் தனியாக விட்டது என்பதற்கு என்னிடம் ஆவணம் இருக்கிறது. பீரோவைத் திறந்து ஹார்டு டிஸ்கை எடுத்து வந்து சொருகினேன். ஃபைல் திறப்பதற்குள் அவள் முகம் உறைந்து நின்றது. நேரம் 11:19. பத்து நிமிடம் பார்த்துவிட்டு டிஸ்கைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

ஜூன் 3, திங்கள்

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் இசை. பிறகு ஒரு பெண், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றாள். போட்டேன். இப்போது வருகிறதா என்றாள். வந்தது. உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி என்றாள்.

ரூட்டர் கூடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் உள் அறையில். பழைய மேசைக் கம்ப்யூட்டர் என்பதால் கட்டைவிரல் அளவு வைஃபை அடாப்டர் ஒன்றை முன்பக்கம் சொருகியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் நீல நிற வாய் ஒன்று உண்டு. டிஸ்க் அதற்கு.

டிஸ்கில் இருப்பவை: கல்லூரி (துறைத்தலைவர் பதவியை எனக்கு மறுத்துப் பதினொரு வருடம் ஜூனியருக்குக் கொடுத்தது தொடர்பானவை), அண்ணன், வக்கீல் நோட்டீசுகள், குடியிருப்போர் சங்கம், மாடி வீடு. எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டவை. புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவன் நினைவை நம்பி வாழக் கூடாது.

ஜூன் 5, புதன்

அடாப்டரின் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரை அணைத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு ஓர் அனுமதி இருந்தது. அந்த டிக்கை எடுத்தேன். கேட்காமலே இப்படி ஓர் அனுமதியைக் கொடுத்து வைத்தவன் யார் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

நாள் முழுக்க அறுபடவில்லை. மாடி வீட்டார் வெளியூர் போயிருக்கிறார்கள். கத்தரிக்காய்க் கூட்டு உப்பு கூடிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

11:00 நித்திலா. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பட்டுச்சேலை நிறம் பற்றிக் கேட்டாள். எனக்குச் சேலை பற்றித் தெரியாது என்றேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னார், உங்களுக்கு எதிலுமே ஆர்வம் இருந்ததில்லை என்று, எனச் சிரித்துக்கொண்டே சொன்னாள். 2009இல் திருமண நாளுக்கு நான் வாங்கிய சேலைக்கு ரசீது இருக்கிறது. டிஸ்கை எடுத்து வந்தேன். 11:24க்கு அறுந்தது.

பிறகு போனில் பேசினாள். பிரணவின் தகப்பனாருக்குச் சகுனத்தில் நம்பிக்கை அதிகமாம். பத்திரிகை வாசிக்கும்போது பாதியில் நின்றால் நிச்சயத்தையே தள்ளி வைத்துவிடுவாராம். சொந்தத்தில் ஒரு திருமணத்தில் மின்சாரம் போய் வாசிப்பு நின்றதையும், அந்தப் பெண் அடுத்த ஆண்டே வீடு திரும்பியதையும் இவளிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஒற்றை நிகழ்வை வைத்து முடிவுக்கு வரும் மனிதர்.

“முப்பதாம் தேதிக்குள்ள சரி பண்ணிருங்கப்பா. இல்லன்னா அம்மாவையே வாசிக்கச் சொல்லிருவேன். எனக்கு வேற வழி இல்ல.”

சரி பண்ணுகிறேன் என்றேன்.

ஜூன் 10, திங்கள்

வண்ணார்பேட்டை போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தேன். மாலை 4:10க்கு மாடி வீட்டு மோட்டார் ஓடியது. குறித்து வைத்துக்கொண்டிருக்கும்போதே இணையம் அறுந்தது. ஆக அடாப்டர் மேல் குற்றமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

காலை 9:35க்கு மோட்டார். அதே நேரம் இணையம் போயிற்று. 9:52க்கு மோட்டார் நின்றது. ஓரிரு நிமிடத்தில் இணையம் வந்தது.

மாடியில் இருப்பவர் தேவசகாயம். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டாரைக் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஐந்திலிருந்து ஆறு மட்டுமே போட வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். அவர் மனம் போன நேரத்துக்குப் போடுவார். சொல்லிப் பார்த்தேன். “தண்ணி கடிகாரம் பாத்தா சார் தீருது?” என்றார். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருடமாக மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் டிஸ்கில் ஓர் அட்டவணையில் பதிந்து வருகிறேன். சத்தம் கேட்டதும் டிஸ்கைச் சொருகித் தொடக்க நேரத்தைப் போடுவேன். நின்றதும் முடிவு நேரத்தைப் போட்டுக் கழற்றி வைப்பேன். இன்றிலிருந்து இணையத்துக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

இதுவரை ஏழுக்கு ஏழு.

ஜூன் 16, ஞாயிறு

நித்திலாவிடம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், இனிப் பயமில்லை என்றேன். மகிழ்ந்தாள். பத்திரிகையின் வாசகத்தை அம்மா எழுதியிருக்கிறார், அனுப்புகிறேன் என்றாள். தமிழ்ப் பத்திரிகை எழுத அவருக்கு என்ன தகுதி என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. விவாகரத்து மனுவில் அவர் கையால் எழுதிய நான்கு பக்கங்களில் எத்தனை தகவல் பிழை என்பதைக் காட்டினால் புரியும் என்று டிஸ்கைச் சொருகினேன். 11:31க்கு அறுந்தது. மோட்டார் சத்தம் கேட்டதாக நினைவில்லை. பக்கத்துக் கட்டிடத்து மோட்டாராக இருக்கலாம்.

போனில் அழைத்தாள்.

“அப்பா, ஒண்ணு கேட்டா நேராப் பதில் சொல்வீங்களா?”

“கேளு.”

“அம்மா பேச்சு வந்தாத்தான் லைன் போகுது. மூணு வாரமாப் பாக்குறேன். சேலை, சாப்பாடு, ஆபீஸ்னு பேசினா ஒண்ணும் ஆகல. நீங்களே கட் பண்றீங்க.”

ஒரு முறை கூட நான் துண்டித்ததில்லை என்றேன். உண்மை அதுதான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு ஒத்திகை பார்ப்போம், அதிலும் அறுந்தால் அம்மா வாசிக்கட்டும் என்று முடித்துக்கொண்டாள்.

ஜூன் 17, திங்கள்

பதினேழு முறை மோட்டார் ஓடியிருக்கிறது. பதினேழு முறை இணையம் அறுந்திருக்கிறது. ஒரு மாணவன் இப்படி ஒரு தரவைக் கொண்டுவந்திருந்தால், திருத்தி எழுதியிருக்கிறாய், போ என்று அனுப்பியிருப்பேன். ஆனால் இது நானே எடுத்தது. அட்டவணையை அச்செடுத்து, ஒன்றரைப் பக்கப் புகாரோடு சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். மோட்டாரின் மின்காந்தக் கசிவால் என் மகளின் நிச்சயதார்த்தம் பாதிக்கப்படும் நிலை உள்ளது என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தேவசகாயம். கையில் என் புகார்.

“செயலாளர் எங்கிட்டயே குடுத்துட்டாரு சார். மூணு வருசமா எழுதியிருக்கியளே. எங்க வீட்டுத் தண்ணிச் செலவு எனக்கே இவ்வளவு தெரியாது.”

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, அட்டவணையை உண்மையிலேயே ரசித்துக்கொண்டிருந்தார். ‘நிச்சயதார்த்தம்’ என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. “நம்ம நித்திலாவுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப பாத்திருவோம்” என்று சொல்லி, நான் வழிவிடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு செய்திச் சேனலை ஓடவிட்டார். மாடிக்குப் போன் செய்து மனைவியிடம் மோட்டாரைப் போடச் சொன்னார். சத்தம் கேட்டது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அறுபடவில்லை.

“வழக்கமா மோட்டார் ஓடுனா நீங்க என்ன செய்விய?”

“குறித்து வைப்பேன்.”

“அதைச் செய்யுங்க. அப்படியே செய்யுங்க.”

பீரோவைத் திறந்து, டிஸ்கைக் கொண்டுவந்து, கைக்குட்டையைப் பிரித்து, நீல வாயில் சொருகினேன். செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். கழற்றச் சொன்னார். சிறிது நேரத்தில் அவள் வாக்கியத்தை முடித்தாள். மாடிக்குச் சொல்லி மோட்டாரை நிறுத்தச் செய்துவிட்டு மறுபடி சொருகச் சொன்னார். மறுபடி நின்றாள்.

“இந்த நீல வாய்ல டிஸ்க் ஓடும்போது அது ஒரு இரைச்சல் போடும் சார். நமக்குக் கேக்காது. பக்கத்துல இருக்க குட்டி அடாப்டருக்கு ரூட்டர் பேசுறது காதுல விழாமப் போயிரும். ரெண்டையும் தள்ளி வச்சாப் போதும்.”

மாடிக்குப் போய் ஒரு மீட்டர் நீள இணைப்பு வயர் ஒன்றைக் கொண்டுவந்தார். அடாப்டரை அதன் நுனியில் மாட்டி ஜன்னல் கம்பியில் நூலால் கட்டினார். டிஸ்கைச் சொருகினேன். செய்தி ஓடிக்கொண்டே இருந்தது. புகாரை மேசை மேல் வைத்துவிட்டு, அட்டவணையை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

இரண்டு நிகழ்வுகள் எப்போதும் சேர்ந்தே வந்தால், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டையும் தொடும் மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருபத்தாறு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளைத் திரும்பப் பார்த்தேன். 2ஆம் தேதி 11:19, 9ஆம் தேதி 11:24, 16ஆம் தேதி 11:31. மூன்றிலும் டிஸ்க். நித்திலா கவனித்ததும் சரிதான், நான் மறுத்ததும் சரிதான்.

ஜூன் 23, ஞாயிறு

ஒத்திகை. 11:00க்குத் தொடங்கி அரை மணி நேரம் தடங்கல் இல்லை. பழைய அழைப்பிதழ் ஒன்றை எடுத்து உரக்க வாசித்துக் காட்டினேன். “குரல் நல்லாருக்குப்பா, காலேஜ்ல பேசுற மாதிரி” என்றாள். மாடிக்காரர் கண்டுபிடித்த காரணத்தைச் சொன்னேன். டிஸ்கைச் சொருகினால்தான் அறுந்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னுடன் பேசும்போது டிஸ்கை எதற்குச் சொருகினீர்கள் என்று கேட்டாள்.

உனக்குக் காட்ட என்றேன். இப்போது காட்ட முடியும் என்றேன். அவள் வேண்டாம் என்று சொன்னதாக நினைவு. நான் அதற்குள் திரையைப் பகிரும் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

டிஸ்கின் முதல் பக்கம் அவள் முன்னால் விரிந்தது. கோப்புறைகளின் பெயர்கள் மட்டும், வரிசையாக. நான் வக்கீல் நோட்டீசைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, கீழ என் பேர் இருக்கு.”

“எங்கே?”

“மாடி வீடுன்னு இருக்குல்ல, அதுக்கு மேல. நித்திலான்னு. அதுல என்ன இருக்கு?”

சான்றிதழ்கள் என்றேன். பிறந்த சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்.

“அண்ணன், காலேஜ், வக்கீல் நோட்டீஸ், சங்கம், மாடி வீடு. நடுவுல என் மார்க் ஷீட்டா? திறங்க, பாக்கலாம்.”

இணைப்பு உறுதியாக இருந்தது. அவள் கண் இமைப்பது கூடத் தெளிவாகத் தெரிந்தது. 11:37க்கு ஜன்னல் பக்கம் கையை நீட்டி வயரைப் பிடுங்கினேன்.

போன் ஆறு முறை அடித்தது. எடுக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலை ஏழு மணிக்கு எடுத்தேன். அவள் கோபப்படவில்லை. அலுவலகப் பேருந்துக்குக் காத்திருப்பதாகவும் இருபது நிமிடம் இருப்பதாகவும் சொன்னாள்.

“நேத்து நீங்கதானே பிடுங்கினீங்க?”

“ஆமாம்.”

“சரி. அதுல இருக்கறத வாசிங்க. எல்லாத்தையும்.”

பதினான்கு பதிவுகள். வாசித்தேன். முதலாவது, ஆறு வருடத்துக்கு முன் யாரோடு இருக்கப் போகிறாய் என்று கேட்டபோது ‘அம்மா தனியா இருப்பாங்க’ என்று அவள் சொன்னது. அதன் கீழே ‘என்னைப் பற்றிக் கேட்கவில்லை’ என்று போட்டிருக்கிறேன். நான்காவது, என் பிறந்த நாளை இரண்டு நாள் தாமதமாக நினைத்துக்கொண்டது. ஏழாவது, ஒரு மாதத்தில் அழைப்புகளின் சராசரி நேரம் நான்கு நிமிடம் பத்து வினாடி. அந்த இடத்தில் சிரித்தாள், அல்லது சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். ஒன்பதாவது: ‘தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள். வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.’

“அது தப்பு” என்றாள்.

“தேதியோடு இருக்கிறது.”

“போன தீபாவளிதானே? நான் வந்தேன்பா. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு முந்தின நாள் மத்தியானமே வந்துட்டேன். வீடு பூட்டியிருந்துச்சு. அம்மாவ ஆஸ்பத்திரில சேக்கணும்னு அன்னைக்கு ராத்திரியே திரும்ப வேண்டியதாப் போச்சு. போன் பண்ணினேன், நீங்க எடுக்கல. தேவசகாயம் அங்கிள் வீட்லதான் டீ குடிச்சேன். அதிரசமும் வேட்டியும் ஒரு பையில போட்டு உங்க கதவுல மாட்டிட்டு வந்தேன். நீங்க அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சரி, கோபம்னு விட்டுட்டேன்.”

அன்று நான் மதுரைக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தேன். மாலை திரும்பியபோது கதவில் ஒரு பை தொங்கியது. தேவசகாயம் இனிப்புக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்க்கிறார் என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் மாடிக்குக் கொண்டுபோய் அவர் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். அது ‘மாடி வீடு’ கோப்புறையில் நாற்பத்திரண்டாவது பதிவு. இதை அவளிடம் சொன்னேன்.

பேருந்து வந்துவிட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். மீதி ஐந்தையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்தேன்.

“ஞாயிற்றுக்கிழம நீங்கதான் வாசிக்கணும்” என்றாள். “ஆனா அங்கருந்து இல்ல. இங்க வாங்க. என் பக்கத்துல உக்காந்து வாசிங்க. அம்மா இருப்பாங்க. வர முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அம்மா வாசிக்கட்டும்.”

இணைப்பு இப்போது நன்றாக வேலை செய்கிறதே என்றேன்.

“தெரியும்பா” என்றாள்.

வருகிறேன் என்று மாலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்பினேன்.

ஜூன் 27, வியாழன்

மாடிக்குப் போனேன். பையைப் பற்றிக் கேட்டேன். நான்தான் பலகாரத்தைத் தங்களுக்குக் கொடுத்ததாக நினைத்துச் சாப்பிட்டுவிட்டார்களாம். “வேட்டி மட்டும் இவுகளுக்கு நீளம் சார், அப்படியே இருக்கு” என்று தேவசகாயத்தின் மனைவி எடுத்துக் கொடுத்தார். தேவசகாயம் உயரம் குறைவு.

ஜூன் 28, வெள்ளி

பெங்களூர் ரயில். பக்கவாட்டு மேல் படுக்கை. வேறு கிடைக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

நித்திலாவின் குடியிருப்பில் இருபது பேர். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, சுவரில் பெரிய திரை. மஸ்கட்டில் பிரணவின் தகப்பனார் கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நித்திலாவின் தாயார் அவளுக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஆறு வருடத்தில் அவருக்கு முன்நெற்றி முடி நன்றாக நரைத்திருக்கிறது. சாயம் அடிப்பதில்லை போலிருக்கிறது.

பத்திரிகையை உட்கார்ந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். அவர் கையெழுத்து. முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டது: என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இல்லை. அந்தப் பட்டத்தை வாங்க எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் வீட்டைத் தன் பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஓட்டியவர் அவர். இரண்டும் உண்மை, டிஸ்கில் இருப்பது முதலாவது மட்டும்.

தயாளன், சுகந்தி தம்பதியின் மகள் என்று எழுதியிருந்தபடியே வாசித்தேன். நிறுத்தாமல் வாசித்தேன். மஸ்கட்டில் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். அவர்கள் பத்திரிகையைப் பிரணவின் தகப்பனார் வாசிக்கும்போது அவர் பக்கம் இரண்டு முறை படம் உறைந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு நித்திலாவின் தாயாருக்கும் எனக்கும் எதிரெதிர் இலை. ரசம் வந்தது.

“முனைவர்னு போட விட்டுப்போச்சு” என்றார் இலையைப் பார்த்துக்கொண்டு. “கவனிச்சிருப்பீங்க.”

“கவனிச்சேன்.”

“சேத்து வாசிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“எழுதியிருந்ததைத்தான் வாசிக்கணும்.”

அவர் ரசத்தைச் சோற்றில் பிசைந்தார். “வேணும்னு விடல. ராத்திரி உக்காந்து அவசரமா எழுதினது.”

“கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ அனுப்பு” என்றேன். “உன் பேருக்குப் பின்னாடியும் எம்.ஏ., பி.எட். இல்ல. அதையும் போடச் சொல்லணும்.”

நித்திலா கையில் அப்பளத் தட்டோடு எங்கள் இலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சுகந்தி மோர் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்றாள். அவர் என் இலைக்கு நகர்ந்த பிறகு, கொஞ்சம் போடுங்கள் என்று கையைக் குழித்து நீட்டினாள்.